பழைய இரும்பு, புதிய மூளை

இன்று ஒரு சின்ன வரலாறு.

1940-களில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். அந்த வளைவுகளைக் கையால் பிசகாமல் செதுக்குவது பெரும்பாடு. கணக்குப் போட்டுக் கிடைக்கும் எண்களே இயந்திரத்தை நகர்த்தினால் என்ன என்று யோசித்தார். 1949-இல் விமானப்படை பணம் தந்தது. எம்.ஐ.டி. பொறியாளர்களும் சேர்ந்தார்கள். 1952 செப்டம்பரில், துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகம் செதுக்கும் இயந்திரத்தை எம்.ஐ.டி. செய்து காட்டியது. இன்றைய சிஎன்சிக்கு அதுதான் மூத்த அண்ணன்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அதற்காக அவர்கள் புது இயந்திரம் வார்க்கவில்லை. மாதிரி வடிவத்தைத் தடவிப் பின்பற்றிச் செதுக்கும் வகையைச் சேர்ந்த சின்சினாட்டி மில்லிங் இயந்திரம் ஒன்றை எடுத்து, மூன்று அச்சுக்கும் மோட்டார் பூட்டினார்கள். அதை ஆட்டிவைக்க 292 வால்வுகள் கொண்ட மின்னணுப் பெட்டிகள் தேவைப்பட்டன. ஆக, முதல் இயந்திரமே பழைய இரும்புக்குப் புது மூளை வைத்ததுதான்!

இதை இப்போது எழுதக் காரணம், சிவகாசியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர். இருபது வருடப் பழைய சிஎன்சி மில்லிங் மெஷினை வாங்கி வீட்டு ஷெட்டில் போட்டு, ஊர் அச்சகங்களின் பழைய ஆஃப்செட் இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் செய்து தர ஆசைப்படுகிறார். "காயலான் கடைச் சரக்குக்கா சேமிப்பைக் கொட்டுவாய்?" என்று வீட்டில் சத்தம்.

தம்பி, பழசு என்பது குறையல்ல. ஆனால் எது பழசு என்று பார். கண்ட்ரோல் பழசானால் மாற்றலாம். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 1990-களில் உருவாக்கிய மென்பொருளிலிருந்து வளர்ந்த லினக்ஸ்சிஎன்சி இன்று இலவசமாகவே கிடைக்கிறது. மோட்டாரும் டிரைவும் கடையில் வாங்கலாம். ஸ்லைடு தேய்ந்து, பால் ஸ்க்ரூ ஆட்டம் கொடுத்து, ஸ்பிண்டில் பேரிங் இரைந்தால் செலவு கையைக் கடிக்கும். தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே ஆகவேண்டும். டயல் கேஜோடு போ. மெஷினை ஓட்டிக் காட்டச் சொல். மும்முனை மின் இணைப்பு, கிரேன் வாடகை, தரை கான்கிரீட் மூன்றையும் விலையோடு கூட்டிக்கொள்.

இன்னொரு பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்துத்தான் தொடங்கினார்கள். பிறகு கையால் செய்வதே கட்டுப்படியாகும் என்று கண்டு மாறிக்கொண்டார்கள். இயந்திரம் நல்லதா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. இந்த ஊர்க் கணக்குக்கு ஒத்துவருமா என்றும் பார்த்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. அதன் வழியாக அச்சுத் தொழிலும் இங்கே வேரூன்றியது.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் நாலு அச்சகங்களின் வாசல் ஏறி, எந்தப் பாகம் அடிக்கடி தேய்கிறது, மாதம் எத்தனை வேண்டும், என்ன விலை தருவார்கள் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். அந்தக் கணக்கு நேரானால் வீட்டாரிடம் அந்த நோட்டையே காட்டலாம். நேராகாவிட்டால், எவ்வளவு மலிவாக வந்தாலும் அது விலை அதிகமான இயந்திரம்தான்.

இந்தத் தொழிலில் இருக்கும் மற்ற மாணவர்களும் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பலருக்கும் உதவும்.