புற்றுநோய் மருந்து கண்ணுக்கு வந்த கதை

நேராக நிற்கும் மின்கம்பம் நெளிந்து தெரிகிறது. பேரப்பிள்ளையின் முகத்தில் நடுவே மட்டும் ஒரு கறை. கெலாங் பாத்தாவில் இருக்கும் ஒரு பாட்டிக்கு இப்படி நேர்ந்தால், கண்புரையாக இருக்கும், பிறகு பார்க்கலாம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். கண்புரை காத்திருக்கும். விழித்திரைக்கு அடியில் வேண்டாத இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியத் தொடங்கினால், அது காத்திருக்காது.

ஒரு காலத்தில் இதற்கு லேசர் சூடுதான் சிகிச்சை. குழாயைச் சுட்ட இடத்தில் பார்வையும் சேர்ந்து கருகிவிடும்.

வழி பிறந்தது கண் மருத்துவத்தில் அல்ல, புற்றுநோய் ஆராய்ச்சியில். கட்டி வளரப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும், அவற்றைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்று 1971இல் சொன்னார் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். அன்று நம்பியவர்கள் குறைவு. 1989இல் ஜெனன்டெக் நிறுவனத்தின் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர், குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தை அடையாளம் கண்டனர். அதைக் கட்டிப்போடும் 'அவாஸ்டின்', 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

கண்ணுக்கென்றே 'லூசென்டிஸ்' என்ற மருந்தையும் அதே நிறுவனம் உருவாக்கி வந்தது. மயாமியில் டாக்டர் பிலிப் ரோசன்ஃபெல்ட் அதுவரை பொறுக்கவில்லை. 2005இல் அவாஸ்டினில் ஒரு துளியை நேரே கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். வீக்கம் வடிந்தது! மறு ஆண்டு லூசென்டிஸ் வந்தபோது, அமெரிக்காவில் ஊசி ஒன்று சுமார் 2,000 டாலர். அவாஸ்டினோ சுமார் 50 டாலர். குப்பியில் இருப்பது 100 மில்லிகிராம், ஒரு கண்ணுக்குத் தேவை 1.25 மில்லிகிராம்தானே! பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று, சுமார் 1,200 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2011இல் காட்டியது. 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் அவாஸ்டினின் மூலமருந்தைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது.

பங்கிடுவதில் ஆபத்தும் உண்டு. கிருமி புகுந்தால் கண்ணே போய்விடும். குஜராத்தில் சிலருக்குப் பாதிப்பு ஏற்பட்டதையடுத்து, இதைக் கண்ணில் போட வேண்டாம் என 2016 ஜனவரியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் எச்சரித்தார். ஏழைகள் எங்கே போவார்கள் என்று கண் மருத்துவர்கள் குரல் கொடுத்தனர். மார்ச்சில் அந்த எச்சரிக்கை விலக்கப்பட்டது.

ஒரே ஊசியில் முடிகிற காரியம் அல்ல இது. ஆரம்பத்தில் மாதம் ஒன்று, பிறகு கண்ணின் நிலையைப் பொறுத்து. கெலாங் பாத்தாவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அழைத்துப் போக மகனோ மகளோ ஒவ்வொரு முறையும் லீவு போட வேண்டும். நடுவில் நிறுத்தினால் கசிவு திரும்பக்கூடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கதவுச் சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு நெளிந்தால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.