வேலி ஃபோர்ஜும் வாசுதேவநல்லூரும்: பாளையப் போர்களில் உடை, உணவு, தளவாடம்

1. இரண்டு பாசறைகள்

1777 டிசம்பர் 23 அன்று, பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் என்னும் பாசறையிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் தம் நாட்டுப் பேராயத்துக்குக் கடிதம் எழுதினார். பாசறையில் 2,898 பேர் காலுக்குச் செருப்பும் மேலுக்குத் துணியும் இல்லாததால் பணிக்கு உதவாமல் கிடக்கிறார்கள் என்று அதில் கணக்குக் காட்டினார். அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த எண்ணைத் தாண்டிப் போவதில்லை.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1767-ல், சங்கரன்கோவிலுக்கு மேற்கே வாசுதேவநல்லூர்க் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் டொனால்ட் கேம்பல் பீரங்கி வைத்து அடித்தார். உள்ளே இருந்தவர்கள் நெற்கட்டும்செவல் பாளையக்காரர் புலித்தேவரின் ஆட்கள். இடுப்பில் கச்சை, தலையில் முண்டாசு, அவ்வளவுதான் உடை. அந்த உடையோடு குண்டுமழைக்கு நடுவே நின்று, இடிந்த மதிலை வைக்கோலும் பனைமரமும் கொண்டு அடைத்தார்கள். அதைக் கண்டு வியந்துபோன கேம்பல், வியப்பை மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

துணி இல்லாமை அங்கே ஒரு படையைப் படுக்க வைத்தது. இங்கே அது யாருடைய புகாரிலும் இல்லை. அப்படியானால் பாளையப் போர்களில் குறைந்தது எது, அந்தக் குறை யாரைத் தோற்கடித்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வாளையும் வீரத்தையும் பற்றி நிறையவே எழுதிவிட்டோம். தானியக் குலுக்கையையும் வண்டிமாட்டையும் பற்றி எழுதியது சொற்பம்.

2. உடை

குளிர் நாட்டில் உடை என்பது உயிர். அமெரிக்கக் குடியேறிகளுக்குத் துணி பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தது. 1760-களின் கடைசியில் பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணிக்கத் தீர்மானித்தபோது அவர்கள் வீட்டில் இராட்டை சுற்ற வேண்டியதாயிற்று. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து நூற்றார்கள், வீட்டு நெசவுத் துணி நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. நமக்கு இது காந்தியின் கதைபோலத் தோன்றும். நூற்றைம்பது ஆண்டு முந்தியது என்பதுதான் வேறுபாடு. போர் மூண்ட பிறகு அந்தக் கைநூல் போதவில்லை. 1776-ல் வாஷிங்டன் முரட்டுத் துணியில் தைத்த வேட்டைச் சட்டையைத் தம் வீரர்களுக்குப் பரிந்துரைத்தார். நீலக் கோட்டைச் சீருடையாக அறிவிக்க 1779 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

திருநெல்வேலிச் சீமையின் நிலைமை தலைகீழ். கரிசலில் பருத்தி விளைந்தது, ஊர்தோறும் தறி இருந்தது. 1658-ல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் அங்கே பண்டகசாலை வைத்ததற்கு முத்தோடு துணியும் ஒரு காரணம். ஏற்றுமதிக்குத் துணி நெய்த சீமையில் போர்வீரனுக்கு ஒரு முழம் கச்சைக்குத் தட்டுப்பாடு வருமா? சங்கரன்கோவில் இன்றைக்கும் தறிச் சத்தம் கேட்கிற ஊர்தான். பருத்திச் சேலை நெய்து அனுப்புகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. குறைந்த உடைக்கு வெயிலை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்வது வசதியான வரலாறு. யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதியும் தீர்மானித்தது. மலைக்கு அந்தப் பக்கம் தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலுக்குத் துணி போட்டதற்காகவே அடிபட்டார்கள். 1822-ல் தொடங்கிய தோள்சீலைக் கலகம் 1859-ல் அரசு அறிவிப்பு வந்த பிறகே ஓய்ந்தது. துணி நிறைய நெய்த நாடு எல்லாருக்கும் துணி கொடுத்த நாடு ஆகிவிடாது.

தமிழ்நாட்டுப் போர் வரலாற்றில் உடை வெளிப்படையாகக் காரணமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது பற்றாக்குறையால் வந்ததல்ல, திணிப்பால் வந்தது. கம்பெனியின் சிப்பாய் பருத்தி விளையும் மண்ணில் சிவப்புக் கம்பளிக் கோட்டுப் போட்டு நடந்தான். உடைக்கென்று சம்பளத்தில் பிடித்தமும் உண்டு. இதைப் பல வருடம் பொறுத்தவன், நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழி, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்று தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் உத்தரவு வந்தபோது பொறுக்கவில்லை. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் வெடித்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நெருப்பு வைத்தது தலைப்பாகைதான்.

3. உணவு

பாளையக்காரர் படை சம்பளப் படை அன்று. காவல் நிலமும் மானியமும் பெற்ற குடிகள், ஓலை வந்தால் ஆயுதத்தோடு வருவார்கள். கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்தது வீட்டுக் குலுக்கையில் இருந்தது. மண்ணால் ஆளுயரத்துக்கு எழுப்பி வாயை மெழுகி அடைத்த அந்தக் குலுக்கைதான் நெல்லைச் சீமையின் சேமக்கிடங்கு. கட்டுச்சோறோ கருப்பட்டியோ ஓலைக் கொட்டானில் வந்தது, தண்ணீர் சுரைக்குடுவையில். படைக்குப் பின்னால் சந்தை நடக்க வேண்டிய தேவை இல்லை, ஏனென்றால் படை தன் ஊரைவிட்டு வெகுதூரம் போகவில்லை.

கம்பெனிப் படைக்கு இது எதுவும் பொருந்தாது. அரிசி வேண்டும், அதைச் சுமக்க மாடு வேண்டும், மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். 1755-ல் கர்னல் ஹெரான், ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு கப்பம் வசூலிக்கத் தெற்கே வந்தபோது நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் நின்ற நிலை இதற்குச் சாட்சி. மதிலை உடைக்கும் பெரிய பீரங்கி அவரிடம் இல்லை, படைக்கு உணவும் தட்டுப்பாடு. இருபதாயிரம் ரூபாய் கொடுத்தால் போய்விடுகிறேன் என்கிற அளவுக்கு இறங்கி வந்தார். ஒற்றர் வழியாக எல்லாம் தெரிந்துவைத்திருந்த புலித்தேவர் அதையும் தர மறுத்தார். ஹெரான் திரும்பிப் போனார்.

இந்த நிகழ்ச்சியை வீரத்தின் வெற்றியாக மேடையில் முழங்குகிறோம். முழங்கலாம், தவறில்லை. எனக்கு இதில் பிடித்தது வேறு: எதிரியின் அரிசிக் கணக்கைத் தெரிந்துவைத்திருந்த ஒரு மனிதர். தளவாடக் கணக்கை வைத்துப் போரைத் தவிர்த்தவர் என்று புலித்தேவரை யாராவது பாடநூலில் எழுதினால் மகிழ்வேன்.

4. மண், பனை, வெடிமருந்து

பாளையக்காரரின் பெரிய தளவாடம் கோட்டைதான். அதுவும் காலடியில் கிடைத்த சரக்கால் ஆனது. களிமண்ணோடு வைக்கோல் சேர்த்துக் குழைத்த மதிலில் கல்மதிலைப் போல விரிசல் ஓடாது. குண்டு பட்டால் உள்ளே புதையும். ஓட்டை விழுந்தால் அடைக்கப் பனை இருந்தது. வாசுதேவநல்லூரை 1759 இறுதியில் தாக்கிய கம்பெனித் தளபதி யூசுப்கான் முடியாமல் பின்வாங்கினார். அவரே 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றையும் பிடித்தார். இடைப்பட்ட காலத்தில் மறவர்களின் துணிச்சல் குறைந்துவிடவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. வல்லயம் என்னும் நீண்ட ஈட்டியைக் கொல்லுப்பட்டறையில் அடிக்கலாம். பதினெட்டடி நீளக் கழி காட்டில் கிடைக்கும். எறிந்து தாக்கும் வளரி உள்ளூர்ப் பொருள். ஆனால் மதிலுடைக்கும் பீரங்கியை எந்தப் பாளையத்துப் பட்டறையும் வார்க்கவில்லை. வெடிமருந்துக்கு வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் வேண்டும். கரிக்குப் பஞ்சமில்லை, கந்தகம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே பாளையக்காரர் கடலைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் நம் கதை அமெரிக்கக் கதையோடு உண்மையிலேயே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. டச்சு வணிகர்கள் மேற்கிந்தியத் தீவுகள் வழியாக அமெரிக்கக் கலகக்காரர்களுக்குத் துப்பாக்கியும் மருந்தும் விற்றார்கள். அந்த ஆத்திரத்தில் பிரிட்டன் 1780-ல் டச்சுக்காரர்மேல் போர் தொடுத்தது. அட்லாண்டிக்கில் மூண்ட பகை தூத்துக்குடி வரை நீண்டது. 1783 ஆகஸ்டில் கம்பெனியின் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் நுழைந்தபோது 40,000 வராகனும் துப்பாக்கிகளும் வெடிமருந்தும் அகப்பட்டன. கொழும்பு டச்சு அரசோடு பாளையக்காரர் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலப் பிரதியும் கூடவே இருந்தது. அமெரிக்கருக்கு மருந்து விற்ற அதே நாட்டுக்காரர், அதே பகையின் பெயரால், பாஞ்சாலங்குறிச்சிக்கும் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்டன் துறைமுகத்தில் 1773-ல் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையும் நம்மை ஆண்ட இதே கம்பெனியின் சரக்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு போர்களையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் படிப்பது எவ்வளவு தவறு என்று புரியும்.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து ஃபுல்லர்ட்டன் சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே உள்ள சிவகிரிக்குப் போனார். அங்கே பாளையக்காரர் மலையடியில் கொம்பை என்னும் பள்ளத்தாக்குக்குள் புகுந்துகொண்டார். முள்ளும் மரமும் அடர்ந்த காடே அங்கு மதில். படை காட்டை வெட்டி வழிசெய்துகொண்டே முன்னேற வேண்டியிருந்தது. அன்றைக்குத் துப்பாக்கிக்குச் சமமாக வேலை செய்த ஆயுதம் கோடாலி.

வேறுபாடு எங்கே என்றால், அமெரிக்கருக்குப் பிரான்சிலிருந்து உடையும் துப்பாக்கியும் கப்பல் கப்பலாக வந்தன, கடைசியில் பிரெஞ்சுப் படையே வந்தது. 1781-ல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தார். பாளையக்காரருக்கு வந்தது டச்சுக்காரரின் அரைகுறை உதவி. 1784-ல் டச்சுக்காரர் சமாதானம் செய்துகொண்டதும் அதுவும் நின்றது. யார்க்டவுனில் தோற்ற அதே கார்ன்வாலிஸ் 1786-ல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து சேர்ந்தார்.

ஆகவே என் முடிவு இது: பாளையங்களை வீழ்த்தியது துணியோ சோறோ அல்ல, துணிவுக்குறையும் அல்ல. கடல்வழிச் சரக்கைத் தன் கையில் வைத்திருந்தவன் வென்றான்.

5. போருக்குப் பின்

1801 மே 24-ல் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஈட்டி, துப்பாக்கி முதலிய ஆயுதங்களைத் தடைசெய்து அறிக்கை விட்டார். அறுபது ஆண்டுக்குப் பின், 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வருவது நின்றபோது, இங்கிலாந்து ஆலைகள் இந்தக் கரிசலைத் தேடி வந்தன. விலை ஏறியது, தூத்துக்குடித் துறைமுகம் நிமிர்ந்தது. 1865-ல் அங்கே போர் நின்றதும் விலை இறங்கியது. ஒரு காலத்தில் நம் போருக்கு வேண்டிய சரக்கு அவர்கள் சண்டையால் வந்தது, இன்னொரு காலத்தில் அவர்கள் சண்டையால் நம் சரக்குக்கு விலை வந்தது.

6. செய்ய வேண்டிய வேலை

கைதாகிப் போகும் வழியில் சங்கரநாராயணரை வழிபடக் கேட்ட புலித்தேவர், கருவறைப் பக்கம் போய் மறைந்துவிட்டார் என்பது சங்கரன்கோவிலின் வாய்மொழி. கோயிலுக்கு வருகிறவர்கள் அவர் பெயரால் வழங்கும் அறையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த வாய்மொழியை மெய்யென்றோ பொய்யென்றோ வாதாடி நேரம் போக்குவதைவிட, அவர் ஆட்கள் கையாண்ட பொருள்களைத் தேடலாம். 1801-ல் தடைசெய்த வல்லயம் இந்த வட்டாரத்தில் சாமி கையில்தான் பிழைத்துக் கிடந்தது. சுடலைமாடன் கோயிலிலும் கருப்பசாமி கோயிலிலும் நேர்ந்துவிட்ட வல்லயங்களைக் காணலாம். பெரும்பாலானவை புதியவை, ஆனால் எல்லாம் அல்ல. குலுக்கைகளோ வீடு இடிக்கும்போது மண்ணோடு மண்ணாகின்றன. கல்லூரி மாணவர்கள் அளவுநாடாவும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறைக்கு இறங்க வேண்டும். நீளம், எடை, இரும்பின் தன்மை, கொடுத்தவர் வீட்டு வரலாறு ஆகிய நான்கையும் எழுதிவரட்டும். பூசாரியிடம் முதலில் அனுமதி கேளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.