விவிலிய விலங்கு உருவகங்கள்: தீர்ப்பும் இரக்கமும்

கடவுளின் தண்டனையையும் பரிவையும் உணர்த்த விலங்கு, பறவை, பூச்சி ஆகியவற்றை உவமையாகவும் அடையாளமாகவும் ஆள்வது யூத, கிறித்தவத் திருநூல்களில் தொடர்ந்து காணப்படும் மரபாகும். ஆடு மேய்த்தும் பயிரிட்டும் வாழ்ந்த பழைய இசுரயேல் மக்கள் மந்தையைத் தாக்கும் சிங்கத்தையும் கரடியையும் நேரில் அறிந்திருந்ததால், இவ்வுருவகங்கள் அவர்களுடைய அன்றாட அச்சத்திலிருந்தும் நம்பிக்கையிலிருந்தும் பிறந்தன. ஒரே விலங்கு தீர்ப்பையும் இரக்கத்தையும் மாறிமாறிச் சுட்டுவது இம்மரபின் சிறப்பியல்பு.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெக்கோவா ஊரைச் சேர்ந்த ஆடு மேய்ப்பரான ஆமோஸ், கடவுளின் தீர்ப்பைச் சீயோனிலிருந்து எழும் சிங்க முழக்கமாக அறிவித்தார். அதே நூற்றாண்டில் வட இசுரயேல் நாட்டில் இறைவாக்கு உரைத்த ஓசேயா, கடவுளைச் சிங்கமாகவும், வழியோரம் பதுங்கும் சிறுத்தையாகவும், குட்டிகளை இழந்த கரடியாகவும் காட்டினார். ஆயினும் அவரது நூலிலேயே வேறோர் இடத்தில் அச்சிங்க முழக்கம் சிதறிய மக்களை வீடு திரும்ப அழைக்கும் குரலாகிறது. அவர்கள் எகிப்திலிருந்து பறவைகளாகவும் அசீரியாவிலிருந்து புறாக்களாகவும் நடுங்கியபடி வருகின்றனர்.

இவ்விருமை மற்ற உயிரினங்களிலும் உண்டு. இணைச் சட்ட நூலில் கழுகு, தொலைவிலிருந்து பாய்ந்து வரும் பகை நாட்டுக்கு ஓரிடத்திலும், குஞ்சுகளைச் சிறகில் சுமக்கும் கடவுளுக்கு வேறோரிடத்திலும் உவமையாகிறது. யோவேல் நூலில் வெட்டுக்கிளிக் கூட்டம் கடவுளின் படையாக வந்து வயல்களை அழிக்க, மக்கள் மனந்திரும்பியபின் அது தின்றழித்த ஆண்டுகளின் விளைச்சலை ஈடுசெய்வதாக அவரே வாக்களிக்கிறார். எண்ணிக்கை நூலில் கொள்ளிவாய்ப் பாம்புகளால் கடியுண்டோர், மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பை நோக்கிப் பிழைத்தனர். பிற்காலத்தில் மக்கள் அவ்வுருவத்துக்குத் தூபம் காட்டத் தொடங்கியதால் எசேக்கியா அரசர் அதை உடைத்தெறிந்தார்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில், செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கு யூதர்களைத் துன்புறுத்திய காலத்தில் இறுதி வடிவம் பெற்றதாக ஆய்வாளர் பலர் கருதும் தானியேல் நூல், இம்மரபில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. ஓசேயா கடவுளின் சினத்துக்கு ஆண்ட சிங்கம், கரடி, சிறுத்தை ஆகியவற்றின் சாயல் கொண்ட விலங்குகள் இங்கே, பெயரற்ற நான்காம் கொடுவிலங்குடன் சேர்ந்து, உலகப் பேரரசுகளைக் குறிக்கின்றன. அவை தீர்ப்பு வழங்கும் கருவிகளாக இல்லாமல், தாமே தீர்ப்புக்கு உள்ளாகின்றன.

புதிய ஏற்பாட்டில் ஆட்டுக்குட்டி முதன்மை பெறுகிறது. எகிப்தில் தலைமகன்களைக் கொன்ற தண்டனையிலிருந்து இசுரயேலரின் வீடுகளைக் காத்த பாஸ்கா ஆட்டின் நினைவும், எசாயா நூலில் வாய்திறவாமல் துன்புறும் ஊழியரின் சாயலும் இயேசுவின்மீது ஏற்றப்பட்டன. திருவெளிப்பாடு நூலில் யூதா குலத்துச் சிங்கம் என அறிவிக்கப்படுபவர், கொல்லப்பட்ட ஆட்டுக்குட்டியாகவே காட்சியளிக்கிறார். அந்நூலே ஆட்டுக்குட்டியின் சினத்தையும் பேசுவதால் இரக்கம் தீர்ப்பை நீக்கிவிடவில்லை. மத்தேயு நற்செய்தியில் எருசலேமின் மக்களைத் தாய்க்கோழிபோலச் சிறகுக்குள் சேர்க்க விரும்பியதாகக் கூறும் இயேசு, அதையடுத்தே அந்நகரின் பாழ்நிலையை அறிவிக்கிறார்.

பிற்காலத் திருச்சபை இவ்வுருவகங்களை விலங்கு நூல்களிலும் ஓவியங்களிலும் வளர்த்தது. கான்ஸ்டாண்டினோபிளில் 692இல் கூடிய த்ருல்லோ மன்றம், கிறித்துவை ஆட்டுக்குட்டியாக அன்றி மனித உருவிலேயே தீட்ட வேண்டும் என விதித்தது. உரோமையில் அம்மன்றத்தின் விதிகளை ஏற்க மறுத்த திருத்தந்தை முதலாம் செர்ஜியுசு, இறைவனின் ஆட்டுக்குட்டியிடம் இரக்கம் வேண்டும் பாடலைத் திருப்பலியில் சேர்த்ததாக மரபு கூறுகிறது. மேலைத் திருச்சபையில் அவ்வுருவம் தொடர்ந்து வழங்கியதற்கு, வான் ஐக் உடன்பிறப்புகள் தீட்டி 1432இல் நிறைவுற்ற கெண்ட் நகரப் பலிபீட ஓவியம் சான்றாகும்.