மேடையிலிருந்து மன்றத்திற்கு
(திராவிட நாட்டுக் கோரிக்கையும் அண்ணாவின் மாநிலங்களவை உரைகளும்)

தோற்றுவாய்

திருப்பூர் மண்ணுக்கு இருவேறு வரலாற்று நினைவுகள் உண்டு. 1932 சனவரியில் கையிற் பிடித்த கொடியை விடாது, தடியடி பட்டு உயிர் நீத்தார் குமரன். ஈராண்டுகள் கழித்து, 1934-ஆம் ஆண்டில், அதே ஊரில் நடந்த இளைஞர் மாநாட்டில் காஞ்சிபுரத்து இளைஞர் ஒருவர் தந்தை பெரியாரை முதன்முதலாகச் சந்தித்தார். அவ்விளைஞரே பின்னாளில் அறிஞர் அண்ணா எனத் தமிழுலகம் போற்றிய சி.என். அண்ணாதுரை ஆவார். ஒரு நினைவு இந்திய விடுதலைக்காக உயிர் ஈந்த நினைவு. மற்றொன்று, விடுதலை பெற்ற இந்தியாவிலிருந்து தென்னகம் பிரிந்து வாழ வேண்டும் என்று கேட்ட ஓர் இயக்கத்தின் வித்து விழுந்த நினைவு. இரண்டையும் ஒருசேரப் போற்றும் ஊர், பிரிவினைக் கோரிக்கையின் வரலாற்றை விருப்பு வெறுப்பின்றி நோக்குதற்கு ஏற்ற இடமே.

வெகுமக்களைத் தம் சொல்லால் ஈர்த்த தலைவர் ஒருவர், மேடையில் எழுப்பிய பிரிவினை முழக்கத்தை நாடாளுமன்றத்திற்குள் கொண்டு சென்றபோது யாது நேர்ந்தது? மன்றம் அவரால் மாறியதா, அவர் மன்றத்தால் மாறினாரா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முழக்கம் பிறந்த கதை

1938-இல் எழுந்த இந்தி எதிர்ப்புப் போரின்போது ‘தமிழ்நாடு தமிழருக்கே’ என்னும் குரலை எழுப்பினார் பெரியார். 1940-இல் திருவாரூரில் கூடிய நீதிக்கட்சி மாநாடு திராவிட நாட்டுக் கோரிக்கையைத் தீர்மானமாக ஏற்றது. 1942-இல் அண்ணா தொடங்கிய இதழுக்குத் ‘திராவிட நாடு’ என்பதே பெயராயிற்று. 1944-இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. 1949 செப்டம்பரில் அண்ணா தனியே திராவிட முன்னேற்றக் கழகத்தைக் கண்டபோதும் இக்கோரிக்கை கைவிடப்படவில்லை.

அக்கோரிக்கையைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியது அண்ணாவின் அடுக்குமொழியே எனலாம். ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்னும் நான்கு சொற்களில் ஒரு பொருளாதார நூலின் சாரம் அடங்கியிருந்தது. ‘அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு’ என்னும் முழக்கத்தின் வலிமையோ அதன் எதுகையில் இருந்தது. எதுகை ஒரு வாக்கியத்தை மறக்கவொண்ணாததாக்கும். ஆயினும் அதனை உண்மையாக்கிவிடாது. நாடு, சுடுகாடு என்னும் இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டா என்று எண்ண அந்த முழக்கம் இடம் தரவில்லை. பாப்புனையும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

காலம் அம்மூன்றாவது வழியை நோக்கியே நகர்ந்தது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் உருவாயின. தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் தத்தம் மாநிலங்களைப் பெற்று அமைதியுற்றனர். நான்கு மொழியினர்க்குமாகக் கேட்கப்பட்ட நாட்டை ஒரு மொழியினர் மட்டுமே கேட்கும் நிலை வந்தது. கழகத்தின் முன்னணித் தலைவருள் ஒருவரான ஈ.வெ.கி. சம்பத், இக்கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாதது எனக் கூறி 1961-இல் விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். ஆனால் அதே கழகம் 1957-இல் 15 சட்டமன்ற இடங்களையும் 1962-இல் 50 இடங்களையும் வென்றது. கோரிக்கை மெலிய, அதனை எழுப்பிய கட்சி வலுத்தது. இம்முரணே பின் நிகழ்ந்தவற்றுக்குத் திறவுகோல்.

மாநிலங்களவையில் ஒரு குரல்

1962 தேர்தலில் கழகம் வளர்ந்தபோதும் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். அத்தோல்வியே அவரைத் தில்லிக்கு அனுப்பியது. மாநிலங்களவை உறுப்பினராகிய அவர், 1962 மே 1-ஆம் நாள் குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி கூறும் தீர்மானத்தின்மீது தம் முதல் உரையை ஆற்றினார்.

அவ்வுரை ஆங்கிலத்தில் அமைந்தது. பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்ற அண்ணாவுக்கு அம்மொழி அயலன்று. எனினும் மோனையும் எதுகையும் துணைவராத அவையில் அவர் வாதத்தை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. தாம் திராவிட இனத்தவர் என்பதில் பெருமை கொள்வதாகக் கூறிய அவர், அதனால் வங்காளியர்க்கோ மராட்டியர்க்கோ குசராத்தியர்க்கோ தாம் பகைவரல்லர் என்றார். மனிதன் எங்கும் மனிதனே என்னும் கருத்துக்கு இராபர்ட் பர்ன்சு என்னும் ஸ்காத்லாந்துக் கவிஞரைச் சான்றாக அழைத்தார். நாட்டுக்கு வழங்கத் திராவிடரிடம் தனித்தன்மை வாய்ந்த ஒன்று உண்டு. அதன்பொருட்டே தன்னுரிமை வேண்டுகிறோம் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. 1947-இன் பிரிவினைக் குருதி உலராத நினைவோடு இருந்த உறுப்பினர்க்கு, தென்னகம் தனித்ததொரு தீபகற்பம் ஆதலின் அகதிகள் துயரம் இங்கு நேராது என விடையளித்தார்.

இதனைச் சுடுகாட்டு முழக்கத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். மேடையில் கேட்போர் முன்னமே உடன்பட்டோர். அவர்க்கு எழுச்சி போதும். மன்றத்தில் கேட்போர் உடன்படாதோர்; அவர்க்குக் காரணம் வேண்டும். உடன்படாதோரிடம் பேச ஒருப்பட்டவன், அவர்தம் அச்சத்தையும் ஒரு கேள்வியாக மதித்து விடைகூறக் கடமைப்படுகிறான். அண்ணாவின் குரல் மன்றத்தை உலுக்கியது உண்மை. மன்றம் அண்ணாவின் குரலைத் திருத்தியதும் உண்மையே.

பதினாறாம் திருத்தம்

1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு நேர்ந்தது. நாட்டுக்கு இடர் வந்த வேளையில் பிரிவினைப் பேச்சுக்கு இடமில்லை என அண்ணா அறிவித்தார்; கழகம் போர் முயற்சிக்குத் துணைநின்றது. எனினும் சட்டம் வந்தது. சர் சி.பி. இராமசாமி ஐயர் தலைமையிலான தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரசியல் சட்டத்தின் பதினாறாம் திருத்த மசோதா 1963 சனவரியில் நாடாளுமன்றத்தில் கொணரப்பட்டது. இந்தியாவின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காக்கும் பொருட்டுப் பேச்சுரிமைக்கு வரம்பு கட்டலாம் என்பது அதன் ஒரு கூறு. தேர்தலில் நிற்போரே அவ்வொருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி ஏற்க வேண்டும் என்பது மற்றொரு கூறு.

1963 சனவரி 25-ஆம் நாள் அண்ணா அம்மசோதாவை எதிர்த்துப் பேசினார். அன்று அவர் தனிநாடு கேட்கவில்லை. இறைமை என்பது யாண்டு உறைகிறது என்று கேட்டார். அது மக்களிடம் உறைகிறது என்று அரசியல் சட்டத்தின் முகப்புரையே கூறுகிறது. அது ஓரிடத்தில் மட்டும் குவிந்து கிடப்பதன்று. அதனாலன்றோ சட்டம் இயற்றியோர் கூட்டாட்சி முறையைத் தேர்ந்தனர் என்பது அவர் வாதம். மே 1962-இல் பிரிவைக் கேட்டவர், ஒன்பது திங்களுக்குள் ஒன்றியத்தின் சட்டத்தையே சான்றாக்கி மாநில உரிமையைக் கேட்கத் தலைப்பட்டார். பிற்காலத்து மாநில சுயாட்சிக் கொள்கையின் கருவை அவ்வுரையிற் காணலாம்.

மசோதா நிறைவேறி 1963 அக்டோபர் 5-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அடுத்த திங்களில் கழகம் தன் குறிக்கோளை மாற்றிக்கொண்டது. இந்தியாவின் இறைமைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உட்பட்டு, நான்கு தென்மாநிலங்களின் நெருங்கிய கூட்டுறவை நாடுவது என்பது புதிய குறிக்கோள். கோரிக்கையைக் கைவிட்டாலும் அது தோன்றுதற்குரிய காரணங்கள் அப்படியே உள்ளன என்றார் அண்ணா.

இதனைப் பின்வாங்கல் என இகழ்வோர் உளர். அரசியல் முதிர்ச்சி எனப் புகழ்வோரும் உளர். சட்டத்திற்கு அஞ்சியே கைவிட்டார் என்பது முழு உண்மையாகாது. கோரிக்கை ஏனைய மூன்று மாநிலங்களில் வேர்கொள்ளாததை அவர் அறிவார்; வாக்குச்சீட்டின் வழி ஆட்சி கைக்கெட்டும் தொலைவில் இருப்பதையும் அறிவார். வெளியேற வழி தேடியவர்க்குச் சட்டமே வாயிலாயிற்று என்பது பொருந்தும். ஆயினும் ஒரு குறையைச் சுட்டாது விடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. சுடுகாடு வரை வருவோம் என்று நம்பி முழங்கிய தொண்டர், அம்முழக்கத்தைக் கைவிடும்போது கருத்துக் கேட்கப்பட்டாரல்லர். தலைவர் அறிவித்தார், தொண்டர் ஏற்றனர். வெகுமக்கள் அரசியலின் வலிமையும் அதுவே, வழுவும் அதுவே.

எஞ்சி நின்றவை

கோரிக்கை மறைந்தபின் மன்றத்தில் எஞ்சியவை சிறியனவல்ல. 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, ஆங்கிலம் தொடர‘லாம்’ என்னும் ஒரு சொல் தொடராமலும் போகலாம் என்பதற்கு இடந்தரும் என அண்ணா எச்சரித்தார். ஒரு வினைவிகுதியில் ஒரு மக்களின் எதிர்காலம் தொங்குவதைக் கண்டுரைத்தது இலக்கணம் கற்ற கண் எனலாம். 1965-இன் மொழிப்போருக்குப் பின்னர், 1967-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இந்தி பேசாத மாநிலங்களின் இசைவின்றி ஆங்கிலம் அகற்றப்படாது என்பது சட்டமாயிற்று. சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கோரிப் பூபேஷ் குப்தா கொணர்ந்த மசோதாவை ஆதரித்து, சங்க நூல்களையும் காப்பியங்களையும் சான்றுகாட்டி அண்ணா பேசினார். அன்று தோற்ற அம்முயற்சி 1967 சூலை 18-இல் சட்டமன்றத் தீர்மானமாகி, 1969 சனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரங்களுக்குள் அண்ணா மறைந்தார். மத்திய-மாநில உறவை ஆராய 1969-இல் அமைந்த இராசமன்னார் குழுவும், 1974-இல் சட்டமன்றம் இயற்றிய மாநில சுயாட்சித் தீர்மானமும் அவ்வழியில் வந்தவையே.

இருவேறு ஒப்புமைகள்

ஈழத்து வரலாற்றோடு ஒப்பிடின் இதன் அருமை விளங்கும். 1976-இல் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் வழித் தனிநாடு கோரிய தமிழர் விடுதலைக் கூட்டணி, 1977 தேர்தலில் 18 இடங்களை வென்றது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 சூலைப் படுகொலைகளை அடுத்து, ஆகஸ்டில், பிரிவினையைத் தடைசெய்யும் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. அவ்வுறுதிமொழியை ஏற்க மறுத்த கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். இரு நாட்டிலும் சட்டம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் சென்னையில் வீடுகள் எரிக்கப்படவில்லை; கொழும்பில் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டின் முன் நிற்பவரிடம் உறுதிமொழித் தாளை நீட்டுதல், அவர் பேசும் வாயிலை அடைப்பதே ஆகும். அவ்வாயில் அடைபட்டபின் ஆயுதத்தின் குரலே ஓங்கியது. இரண்டு தலைமுறை அதற்குக் கொடுத்த விலையை உலகறியும்.

மேலைநாட்டு நிகழ்ச்சி வேறொரு பாடம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா வெளியேற வேண்டும் என முழங்கிய நைஜல் ஃபராஜ், 2016 பொதுவாக்கெடுப்பின்போது அந்நாட்டு மக்களவையில் உறுப்பினராகவே இல்லை. 2024-இல்தான் முதன்முதலாக அவ்வவைக்குத் தேர்வானார். மன்றத்திற்கு வெளியே நின்றே மன்றத்தைத் தம் வழிக்கு இழுத்தார். வெளியேறுவோம் என்னும் ஒற்றைச் சொல்லுக்கு வாக்களித்த நாடு, எவ்வாறு வெளியேறுவது என்பதில் உடன்பாடு காணாது தவித்தது. 2019 சனவரியில் அரசின் ஒப்பந்தம் 432-க்கு 202 என்னும் வாக்குகளால் வீழ்ந்தது. 2020 சனவரி 31-இல்தான் வெளியேற்றம் நிகழ்ந்தது. முழக்கம் எளிது, பொறுப்பு அரிது என்பதற்கு இது சான்று.

நிறைவாக

வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்ற முழக்கம் ஒலித்த இந்நாட்டில், இன்று அவிநாசிபாளையத்தை உள்ளிட்ட திருப்பூர் வட்டாரத்துப் பின்னலாடைத் தொழிலை நாடிப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். அண்ணா குறித்த காரணங்கள் சில நீங்கின. நிதிப் பகிர்வும் மொழியும் தொகுதி மறுவரையறையும் போன்ற சில, வேறு வடிவில் நிற்கின்றன. அவற்றை மன்றத்தில் எழுப்புவோர் இன்றும் எடுத்தாள்வது, பிரிவினை முழக்கத்தையன்று. 1963 சனவரியில் அண்ணா தொடங்கிவைத்த கூட்டாட்சி வாதத்தையே.

முழக்கம் ஒரு தலைமுறையைத் திரட்டியது. வாதம் அதற்கடுத்த தலைமுறைகளுக்கு உரிமை தேடித் தந்தது. உடன்பட்டோர் கைதட்டலில் பிறந்த சொல், உடன்படாதோர் செவியிலும் நிற்குமாறு செப்பம் பெறுதல் வேண்டும். அரசியலுக்கு மட்டுமன்று, பத்தாண்டுகளாகக் கவிதை வாசித்தும் கருத்து மாறுபட்டும் கூடிவரும் இலக்கிய வட்டங்களுக்கும் இஃது உரைகல்லாகும்.