நீண்டகரையிலிருந்து ஆய்வகத்துக்கு: மீனில் இட்ட முதலீடு

2024 ஜனவரியில், கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நீட் மீட் பயோடெக் என்னும் புத்தொழில் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மீனின் உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, இறைச்சியாக்குவது அதன் நோக்கம். தொடக்கநிலை உயிரணு வரிசைகளை உருவாக்குவது அரசு நிறுவனத்தின் பொறுப்பு. வளர்ப்பு ஊடகத்தைச் செம்மைப்படுத்துவதும் கலன்களில் உற்பத்தியைப் பெருக்குவதும் தனியாரின் பொறுப்பு. இந்தியாவின் முதல் முயற்சி என இது வரவேற்கப்பட்டது. ஆயினும், பொதுப்பணமும் புதிய தொழில்நுட்பமும் மீனை முன்னிட்டுக் கைகோத்தது கேரளக் கரைக்குப் புதிதன்று.

1952இல் ஐக்கிய நாடுகள் அவை, இந்தியா, நார்வே ஆகிய முத்தரப்பும் செய்த உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் 1953இல் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கிற்று. நார்வே பிற நாடொன்றுக்கு வழங்கிய வளர்ச்சி உதவிகளுள் இதுவே முதலாவது. மீனவர் வாழ்வை உயர்த்துவது அறிவிக்கப்பட்ட குறிக்கோள். குடிநீர் வசதி, சுகாதார நிலையம், ஐஸ் ஆலை ஆகியனவும் அதில் அடங்கின. உள்ளூர் வள்ளங்களில் எஞ்சின் பொருத்தும் முதல் முயற்சி பலிக்கவில்லை. அலையைக் கடந்து மணலில் இழுத்தேற்றப்படும் வள்ளத்துக்கு அது ஒத்துவரவில்லை. பின்னர் புதுவகைப் படகுகள் வடிவமைக்கப்பட்டன.

திட்டத்தின் போக்கை மாற்றியது இறால். அமெரிக்கச் சந்தையில் உறைபதன இறாலுக்குக் கிடைத்த விலை, 1960களில் முதலீட்டை இழுவலைப் படகுகளின்பால் ஈர்த்தது. கடலுக்கே போகாதவர்கள் படகு உடைமையாளர்கள் ஆயினர். நார்வேயினரை மட்டும் குறை கூறுவது எளிது. அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதியை ஊக்குவித்த இந்திய அரசின் பங்கும் சிறிதன்று. கரையோரக் கடலின் அடித்தரையை இழுவலைகள் வாரியெடுக்க, மரபுவழி மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினர். 1980இல் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மழைக்கால இழுவலைத் தடைக்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆய்வகக் கலன் கடலடியை வாராது. மீன்வளத்தின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்கும் என்ற வாதத்திலும் பொருளுண்டு. எனினும் எந்த மீன் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது கவனத்துக்குரியது. வஞ்சிரம், வௌவால் போன்ற உயர்விலை மீன்களே பட்டியலில் உள்ளன. காரணம் எளிய கணக்கு: வளர்ப்பு ஊடகத்தின் செலவு மிகுதி, மலிவான மீனோடு போட்டியிட அதனால் இயலாது. அமெரிக்காவிலும் 2025இல் விற்பனைக்கு வந்த ஆய்வக மீன், வைல்ட்டைப் நிறுவனத்தின் சால்மன். அது முதலில் பரிமாறப்பட்டது போர்ட்லண்டின் ஓர் உயர்தர உணவகத்தில்.

கேரளத்தின் அன்றாட உணவு மத்தி. 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன்னாக இருந்த கேரளத்தின் மத்தி வரத்து, 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது எனக் கணக்கிட்டது கொச்சியின் அதே ஆராய்ச்சி நிறுவனம்தான். புதிய முதலீட்டின் முதற்பட்டியலில் மத்தி இல்லை. உயிரணு வரிசைக்கு மூலமான மீன்கள் பொதுக்கடலின் உயிர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தரப்புகள் இரண்டு: ஒன்று அரசு நிறுவனம், மற்றொன்று தனியார் நிறுவனம். 1952இன் முத்தரப்பிலும் மீனவர் அமைப்பு எதுவும் இடம்பெற்றிருக்கவில்லை.