இடைவேளையில் கற்ற இசை

இரும்புலியூர் பக்கம் கீபோர்டு வாங்கிய கையோடு "எப்போ சொந்தமா ட்யூன் போடறது?" என்று கேட்கும் பசங்க உண்டு. பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி (1931 முதல் ஓடுகிறது) கோடம்பாக்கத்தில் இறங்கினால் போதும்.

1968-ல் பண்ணைப்புரத்திலிருந்து ராசையா சென்னைக்கு வந்தார். அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராக வாசித்த அனுபவம் இருந்தது. காதால் கேட்டதை விரல் வாசித்துவிடும். ஆனால் மேற்கத்திய முறையில் இசையை எழுதுவது வேறு வித்தை. அதற்காகத்தான் தன்ராஜ் மாஸ்டரிடம் போனார். பியானோ, கிடார், ஸ்வரக்குறிப்பு, கூடவே பாக்! ஒரு மெட்டு தன் வழியில் போக, இன்னொன்று அதன் கீழே தனி வழியில் போக, இரண்டும் இடிக்காமல் சேர்ந்து ஒலிக்கும் கணக்கு அங்கே பிடிபட்டது. பின்னாளில் லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கமும் வந்தது. பலரும் பதக்கத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். விஷயமே அதற்கு வெளியேதான் இருக்கிறது.

இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் அவர் உதவியாளராக இருந்தார். பெரும்பாலும் கன்னடப் படங்கள். ரெக்கார்டிங் இடைவேளையில் எல்லோரும் ஓய்வெடுக்கும்போது, தான் எழுதிய தாள்களை வாத்தியக்காரர்களிடம் கொடுத்து, கொஞ்சம் வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். காகிதத்தில் அழகாக நிற்கும் வரி வயலினில் கசமுசா ஆகலாம். புல்லாங்குழல்காரருக்கு மூச்சு விட இடமில்லாமல் போகலாம். காதில் விழுந்தால்தான் தப்பு தெரியும். தெரிந்தால்தானே திருத்த முடியும்? படிப்பு என்றால் இதுதான் படிப்பு. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது, அதற்குப் பின்னால் இப்படி எத்தனை இடைவேளைகளோ!

சொந்தமாக எல்லா வாத்தியமும் வாங்க வசதி ஏது? ஆர்.கே.சேகர் என்ற இசையமைப்பாளரிடம் வாடகைக்கு எடுத்தார். அதே 1976-ல் சேகர் காலமானார். அவர் மகனுக்கு வயது 9. அப்பாவின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. அந்தப் பையனும் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டான், இளையராஜா குழுவிலேயே கீபோர்டு வாசித்தான். பிறகு கோடம்பாக்கம் வீட்டை ஒட்டி ஒரு ஸ்டுடியோ கட்டி, தானே வாசித்து, தானே பதிந்து, தானே கேட்டுத் திருத்தினான். 1992-ல் 'ரோஜா'. ஏ.ஆர்.ரஹ்மான்தான், வேறு யார்?

இன்று செல்போனிலேயே நாற்பது வயலின் கிடைக்கிறது. வசதிதான். ஆனால் அந்த வயலின் "சார், இதை வாசிக்க முடியாது" என்று ஒருநாளும் சொல்லாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் நாலு வரி எழுதியதும், தெருவில் வயலின் படிக்கும் பிள்ளை ஒன்றைப் பிடித்து வாசிக்கச் சொல்லலாம். காசு செலவில்லை, மானம்தான் கொஞ்சம் போகும்.

எழுதிக் கொடுத்து வாசிக்கக் கேட்கும் அந்தப் பழக்கத்தை இளையராஜா விடவே இல்லை. 2025 மார்ச் 8-ம் தேதி, 81 வயதில், லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் வாசித்தது.