கிறிஸ்துமஸ் மர அலங்காரம் – ஒரு செலவுக் கணக்கு



போன டிசம்பரில் எங்கள் வகுப்பில் கிறிஸ்துமஸ் மரம் வைத்தோம். மரம் என்றால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு சவுக்குக் கிளை, அதை நட்டுவைக்க மண் நிரப்பிய ஒரு பெயிண்ட் டப்பா. அவ்வளவுதான். 48 பேரிடம் ஆளுக்குப் பத்து ரூபாய் வசூலித்ததில் 480 ரூபாய் சேர்ந்தது. கடையில் பளபளக்கும் உருண்டை ஒரு டஜன் 240 ரூபாய் என்றார்கள். பாதிப் பணம் அதிலேயே போய்விடும். அதனால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று முடிவானது.

கலர் பேப்பரில் சங்கிலி, அட்டையில் நட்சத்திரம், காலி தீப்பெட்டியில் ஜிகினாத்தாள் சுற்றிய குட்டிப் பரிசுப் பொட்டலம் என்று மொத்தம் 60 உருப்படிகள். செலவு 312 ரூபாய். மீதிப் பணத்துக்கு பிளம் கேக்!

கணக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பெருமையாக அந்தத் தாளை காஸ்ட் அக்கவுண்டிங் சாரிடம் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கூலி எங்கேப்பா?"

எட்டுப் பேர், மூன்று சாயங்காலம், தினம் இரண்டு மணி நேரம். அந்த 48 மணி நேரத்துக்கு என் தாளில் ஒரு வரிகூட இல்லை. அப்போது சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். பிறகு இந்த அலங்காரங்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று படிக்க ஆரம்பித்தபோது, அந்த வரலாறு முழுக்க சாரின் கேள்விதான் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தின்பதற்கான அலங்காரம்

கிறிஸ்துமஸ் மரம் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று ஒரு வரவு செலவுக் கணக்கில்தான் இருக்கிறது. இன்று பிரான்சில் இருக்கும் அல்சாஸ் பகுதியில் செலெஸ்தா என்று ஒரு ஊர். 1521ஆம் ஆண்டு அந்த நகரக் கணக்கில், பண்டிகைக்காக மரங்களை யாரும் வெட்டிக்கொண்டு போகாமல் காவல் காத்த வனக்காவலர்களுக்கு 4 ஷில்லிங் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள். காவல் கூலி! நம் கணக்கைவிட அந்தக் கணக்கு ஒழுங்காக இருந்திருக்கிறது.

1605இல் அதே பகுதியில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்குப் போன ஒரு பயணி, அங்கே வீட்டுக்குள் மரம் நிறுத்தி அதில் பல நிறக் காகித ரோஜாக்கள், ஆப்பிள், மெல்லிய வட்ட அப்பங்கள், மிட்டாய்கள் எல்லாம் தொங்கவிடுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அவருடைய பெயர் தெரியவில்லை. ஆப்பிள் ஏன் என்றால், டிசம்பர் 24 அங்கே ஆதாம் ஏவாள் நாள். அன்று ஏதேன் தோட்டத்துக் கதையை நாடகமாகப் போடுவார்கள். அந்த நாடகத்துக்கு ஆப்பிள் தொங்கும் ஒரு மரம் வேண்டும்.

கவனித்தீர்களா? எல்லாமே வீட்டில் இருப்பவை, வீட்டில் செய்தவை. பண்டிகை முடிந்ததும் பிள்ளைகள் பறித்துத் தின்றுவிடலாம். வீண் செலவு என்று எதுவுமே கிடையாது.

இந்த வழக்கத்தை ஜெர்மானியர்கள் போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப் போனார்கள். 1842இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் ஊரில், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய மின்னிகெரோடு என்ற பேராசிரியர், நண்பர் டக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு மரம் அலங்கரித்தார். சோளப்பொரி, கொட்டைகள், கலர் காகிதம், மெழுகுவர்த்தி. நம் பட்ஜெட்டிலேயே முடிந்திருக்கும்!

ராணி வீட்டு மரம்

1848இல் லண்டனில் வெளிவந்த ஒரு படப் பத்திரிகையில் விக்டோரியா ராணியும் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் வந்தது. 1850இல் ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை அதே படத்தை எடுத்து, ராணியின் கிரீடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் நீக்கிவிட்டு, சாதாரண அமெரிக்கக் குடும்பம்போல் மாற்றிப் போட்டது. காசு கொடுக்காமல் கிடைத்த விளம்பரம் என்றால் இதுதான். நடுத்தரக் குடும்பங்களுக்கெல்லாம் மரம் வைக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் சந்தை வரும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

லௌஷா வீடுகள்

சரக்கு வந்த இடம் ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள லௌஷா என்ற சிற்றூர். 1597இலேயே அங்கே கண்ணாடி உலை வந்துவிட்டது. ஆப்பிளும் கொட்டையும் வாங்கக் காசில்லாத ஓர் ஏழைக் கண்ணாடித் தொழிலாளி, தன் வீட்டு மரத்துக்குக் கண்ணாடியிலேயே பழம் ஊதிச் செய்தார் என்று அங்கே ஒரு கதை உண்டு. கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் 1848ஆம் ஆண்டு ஆர்டர் புத்தகம் ஒன்றில் கிறிஸ்துமஸ் உருண்டைகள் 6 டஜன் என்று பதிவாகியிருக்கிறது. அது எழுத்தில் உள்ள சாட்சி.

1867இல் ஊருக்கு எரிவாயு வந்தது. சீரான சூடான தீ கிடைத்ததால் மெல்லிய, பெரிய உருண்டைகளை ஊத முடிந்தது. வேலை நடந்தது தொழிற்சாலையில் அல்ல, வீடுகளில். அப்பா தீயின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயை ஊதுவார். அம்மா உள்ளே வெள்ளி நைட்ரேட் கரைசலை ஊற்றிக் குலுக்கிப் பளபளப்பு ஏற்றுவார். பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதிலும் தகட்டு மூடி மாட்டுவதிலும் கை கொடுப்பார்கள். பிறகு பெண்கள் சரக்கைக் கூடையில் கட்டி முதுகில் சுமந்துகொண்டு ஸோனெபெர்க் நகர வியாபாரிகளிடம் போவார்கள். லௌஷாவுக்கு ரயில் வந்ததே 1886இல்தான்.

நம்மூரில் பீடி சுற்றும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வியாபாரிக்கு ஷெட் வாடகை இல்லை, விளக்குச் செலவு இல்லை. கொடுப்பது உருப்படிக் கணக்கில். ஊதியவருக்குக் கிடைக்கும் அந்தக் காசில்தான் அம்மாவின் உழைப்பும் பிள்ளைகளின் உழைப்பும் அடங்கவேண்டும். தனியாக அவற்றுக்கு ஒரு வரி கிடையாது. என் தாளில் இல்லாத அதே வரி!

25 டாலர் பேரம்

1880இல் அமெரிக்காவில் வூல்வொர்த் என்ற இளம் கடைக்காரர் இருந்தார். ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான்கள் மட்டும் விற்கும் கடை. இறக்குமதி வியாபாரி ஒருவர் ஜெர்மன் கண்ணாடி உருண்டைகளைக் காட்டினார். இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று வூல்வொர்த் மறுத்தார். வற்புறுத்தலுக்குப் பிறகு 25 டாலருக்கு மட்டும் எடுத்தார். இரண்டே நாளில் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அவரே ஜெர்மனிக்குப் போய்க் கொள்முதல் செய்யும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்தது.

கடல் தாண்டி வந்த, கையால் ஊதி, கையால் வண்ணம் தீட்டிய ஒரு கண்ணாடிப் பொருள், கப்பல் செலவும் இறக்குமதி வரியும் எல்லார் லாபமும் போக, சில சென்ட்டுக்கு எப்படி விற்க முடிந்தது? திறமையான கொள்முதல் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதுவும் உண்மைதான். ஆனால் லௌஷா வீட்டில் கணக்கில் ஏறாத அந்த உழைப்பும் சேர்ந்துதான் அந்த விலை.

இயந்திரம் வந்தது, போர் வந்தது

1930களின் கடைசியில் ஐரோப்பாவில் போர் மேகம். ஜெர்மன் சரக்கு நின்றுவிட்டால் என்ன செய்வது? மாக்ஸ் எக்கார்ட் என்ற இறக்குமதியாளரும் வூல்வொர்த் நிறுவனமும் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தை அணுகினார்கள். மின் பல்பு ஊதும் இயந்திரத்தையே கொஞ்சம் மாற்றி அவர்கள் உருண்டை தயாரித்தார்கள். 1939 டிசம்பரில் சுமார் 2,35,000 உருண்டைகள் வூல்வொர்த் கடைகளுக்குப் போயின. விலை 2 சென்ட்டிலிருந்து 10 சென்ட் வரை.

இங்கேயும் விலை குறைவுதான். ஆனால் காரணம் வேறு. இங்கே உழைப்பை மறைக்கவில்லை, ஓர் உருண்டைக்குத் தேவைப்படும் உழைப்பே குறைந்துவிட்டது.

பிறகு அமெரிக்காவும் போரில் இறங்கியது. உலோகம் கிடைக்கவில்லை. உள்ளே வெள்ளிப் பூச்சு போடாமல், வெளியே வண்ணக் கோடுகள் மட்டும் தீட்டி, தகட்டு மூடிக்குப் பதில் அட்டை மூடி மாட்டி விற்றார்கள். ஜெர்மனியிலோ நிலைமை இன்னும் மோசம். 1943 ஜூலையில் ஹாம்பர்க் மீது குண்டு போட வந்த பிரிட்டிஷ் விமானங்கள், ராடாரைக் குழப்புவதற்காக அலுமினியத்தாள் கீற்றுகளைக் கொட்டின. அதன் பிறகு பல ஊர்களிலும் கொட்டின. கீழே விழுந்த அந்தக் கீற்றுகளைப் பொறுக்கி வந்து ஜிகினா இழையாக மரத்தில் தொங்கவிட்ட குடும்பங்கள் உண்டு. தன் வீட்டின் மேல் குண்டு போட வந்தவனின் தாளில் பிள்ளைக்குப் பண்டிகை. படித்தபோது மனசு என்னவோ செய்தது.

கடைசியாக என் கணக்கு

சார் கேட்ட வரியை இப்போது சேர்த்துப் பார்த்தேன். 48 மணி நேரம், மணிக்கு வெறும் 20 ரூபாய் என்று வைத்தாலும் 960 ரூபாய். மொத்தம் 1,272. அறுபதால் வகுத்தால் ஓர் உருப்படி 21 ரூபாய் 20 காசு. கடை உருண்டை 20 ரூபாய்! கையால் செய்தால் மலிவு என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தது, எங்கள் நேரத்துக்குப் பூஜ்யம் போட்டதால் வந்த மலிவு.

அதில் தப்பு ஒன்றுமில்லை. பாட்டுப் பாடி, கிண்டல் அடித்து, நாங்களாக விரும்பிப் போட்ட பூஜ்யம் அது. லௌஷா அம்மா விரும்பிப் போட்டதாகச் சொல்ல முடியாது. இரண்டுமே "வீட்டில் செய்த அலங்காரம்" என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன.

நல்ல உதாரணமும் இருக்கிறது. செக் நாட்டில் போனிக்லா என்ற ஊரில், ஊதிய கண்ணாடி மணிகளைக் கோத்து மர அலங்காரம் செய்யும் கைத்தொழிலை 2020இல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல ஆண்டுகள் கழித்தாவது அந்தக் கைகளுக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

அதனால் நண்பர்களே, இந்த டிசம்பரிலும் தீப்பெட்டியும் ஜிகினாத்தாளும்தான். கடையில் மலிவான உருண்டையைப் பார்த்தால், அது இயந்திரம் குறைத்த விலையா, யாரோ ஒருவர் வீட்டில் கணக்கில் ஏறாமல் போன விலையா என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். விலைச்சீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த முறை கணக்குத் தாளில் "கூலி" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். எதிரே "48 மணி நேரம், நட்புக்காக" என்று எழுதப்போகிறேன். சார் என்ன சொல்கிறார் பார்ப்போம்!